பனங்கற்கண்டு, ஐம்பது கிராம்

மண்டபம் ரயிலடிக்கு எதிர்ச்சந்து, மாடி அறை.
ஏசி ஓடும், குளிராது.
ரிஜிஸ்டரில் அவர் மதுரை ராஜேந்திரன்,
நான் அவர் மனைவி.
இரண்டும் பொய்யென்று தெரிந்தே
பேனாவை நீட்டினான் மேனேஜர் குருசாமி.

அவர் விரலிடுக்கில் நண்டு வாடை,
சோப்புக்கும் போகாதது.
கம்பெனிக்கு நண்டு எடுத்துக் கொடுக்கிறவராக இருக்கும்.
கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் காசு.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்ட பிறகும்
நெஞ்சில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.
கழுத்தில் வியர்வை கோத்து இறங்கியது.
"வலை அறுந்துருச்சு, வெளக்கப் போடு" என்றார்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
குடித்திருக்கிறாரோ என்று முகர்ந்து பார்த்தேன், இல்லை.
கட்டில் ஓரத்திலிருந்து
கயிறு அவிழ்ந்த வத்தையாக
ஒரு பக்கம் சாய்ந்தார்.

எங்களுக்கு இதற்கொரு வழக்கம் உண்டு,
யாரும் சொல்லித் தராதது:
செருப்பைக் கையில் எடு.
பின்படியில் இறங்கு.
ரோட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்.

எடுத்தேன். மறைப்பானேன்,
ஒரு கையில் செருப்பு இருந்தது,
மறு கையில் நூத்தியெட்டு.
பேஷண்ட் பேரென்ன, வயசென்ன,
நீங்க அவருக்கு என்ன வேணும்?
முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை.
உச்சிப்புளியிலிருந்து வண்டி வரும், இருபது நிமிஷம் என்றார்கள்.

அப்போது அவர் போன் அடித்தது.
திரையில் 'வீடு'.

"அக்கா, இவருக்கு முடியல."

அந்தப் பக்கம்
ஒரு மூச்சு நேரம் மிக்சி ஓடும் சத்தம்,
பிறகு அதுவும் நின்றது.
"வேர்க்குதா?"
"குளிச்ச மாதிரி."
"ஊசியப் போட்டுட்டுத் திங்காமப் போயிருக்கும் அது.
தண்ணி கிண்ணி ஊத்திப்புடாத, பொரையேறிரும்.
ஒருக்களிச்சுப் போடு.
சீனி இருக்கா?"

சீனி இல்லை.
மகளின் இருமலுக்கு வாங்கிய பனங்கற்கண்டு
பைக்குள் இருந்தது.
கடித்து நுணுக்கி, என் எச்சிலிலேயே குழைத்து
அவர் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேய்த்தேன்.
காசுக்குத் தொடும் விரல்தான்.
மணி பார்க்க அப்போது யாரும் இல்லை.

குருசாமி கதவைத் தட்டினான்.
"நீ கெளம்பு, போலீசு கீலீசுன்னு வந்தா எனக்கு லாட்ஜு போயிரும்."
"ஒரு கை சீனி கொண்டா. பெறகு தொரத்து."
ஓடினான். டீக்கடை டப்பாவையே தூக்கி வந்தான்.

தேய்த்தேன். பொடி கரைந்தது. மறுபடி தேய்த்தேன்.
ராமேஸ்வரம் ரயில் வந்து நின்று போனது.
போன் தலையணையில் கிடந்தது, ஸ்பீக்கரில்,
அவளும் நானும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பேரச் சொல்லிக் கூப்புடு" என்றாள்.
"என்ன பேரு?"
"இன்னாசிமுத்து."

கூப்பிட்டேன்.
ராஜேந்திரனுக்குத் திரும்பாத கண்
அந்தப் பேருக்குத் திரும்பியது.
நாக்கு இனிப்பைத் துழாவியது.

"முழிச்சிட்டாருக்கா."

அழுவாள் என்று நினைத்தேன்.
திட்டுவாள், நீ யாரடி என்பாள்,
சொல்ல ஒரு பொய்யை எடுத்தும் வைத்திருந்தேன்.
அவள் மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"வண்டி வர்றதுக்குள்ள
சட்டையப் போட்டு விட்டுரு."

மேலிருந்து மூன்றாவது பொத்தான்
வேறு நிற நூலில் தைத்திருந்தது,
நெருக்கமாக, இனி அறாதபடி.
அதைப் போட மட்டும் எனக்கு நேரம் பிடித்தது.

ஸ்ட்ரெச்சரோடு வந்த பையன் கேட்டான்,
நீங்க இவருக்கு என்ன வேணும்?
போனை அவன் கையில் கொடுத்தேன்.
லைன்லயே இருக்காங்க, பேசுங்க.

பஸ்ஸில்தான் நினைவு வந்தது,
காசு வாங்கவில்லை.
உச்சிப்புளியில் இறங்கினேன்.
நாட்டுமருந்துக் கடை பூட்டியிருந்தது.